அந்த ப்ராஜெக்ட் என்னுடையது, அக்கா

அக்கா,

நேற்று உங்கள் தரப் பொறுப்பாளர் அறையை என்னிடம் ஒப்படைத்தார்கள். அலமாரியைத் திறந்ததும் நீங்கள் குளிருக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை. கூடவே, கண்ணாடி போட்ட உங்கள் தரமேம்பாட்டுச் சான்றிதழ். நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம்தான் ஆகிறது. அழ வேண்டியவள், அதைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கோத்தகிரியின் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ்கள் நாம் இருவரும் ஒன்றாகத்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தோம். பரீட்சை மட்டும் போதாது. வேலை செய்யும் இடத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்து காட்டினால்தான் சான்றிதழ். ரத்தப் பரிசோதனைக்கு வரும் எஸ்டேட் தொழிலாளர்கள் ரிசல்ட்டுக்குக் காத்திருந்து மத்தியானப் பஸ்சை விட்டுவிடுவார்கள். அதை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று மாதம் நேரம் குறித்தேன். லேபில் தாமதமே இல்லை. குழாய்த் தட்டு நிறையட்டும் என்று, எடுத்த ரத்தம் நம் மேசையிலேயே கிடந்தது. அரை மணிக்கொரு முறை கொண்டுபோகச் செய்தேன். "இன்னிக்கு ஒரு மணி பஸ்சப் புடிச்சிருவனுங்க சிஸ்டர்" என்று ஒரு அம்மா சொன்னதை ஓடிவந்து உங்களிடம்தான் சொன்னேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் வராது. "நோட்டைக் குடு கண்ணு, நான் அடிச்சுத் தர்றேன்" என்றீர்கள். அதையே முதலில் உங்கள் பெயரில் அனுப்பினீர்கள். பிறகு என் பெயரில். என்னுடையது காப்பி என்று திரும்பி வந்தது.

கேட்டேன். "எனக்கு வார்டை விட்டு நகர எங்க நேரம், தனியா ப்ராஜெக்ட் பண்ண? ஒரே ஆஸ்பத்திரிதானே, யார் பேர்ல போனா என்ன?" என்றீர்கள். அப்பா படுக்கையில் கிடந்தபோது என் டூட்டியையும் சேர்த்துப் பார்த்தவர் நீங்கள். விழுங்கிக்கொண்டேன்.

ஆனால், அந்தச் சான்றிதழை வைத்து நீங்கள் தரப் பொறுப்பாளராக உட்கார்ந்த முதல் கூட்டத்தில், இனி படிப்பவர்களுக்கு ப்ராஜெக்ட் வேண்டுமா என்று சான்றிதழ் தருகிறவர்கள் கருத்துக் கேட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். "பரீட்சை போதுங்க. ப்ராஜெக்ட்டுன்னா ஒருத்தரப் பார்த்து ஒருத்தர் எழுதிருவாங்க" என்றீர்கள். எதிரில் நான். உங்கள் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. இரண்டு மூன்று பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தவரை காப்பி அடித்தவள் நான்தானே.

பரீட்சை மட்டும் என்றே ஆயிற்று. இன்று அதே கேள்வியை, உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் என்னிடம் கேட்டார்கள். ப்ராஜெக்ட் கட்டாயம் வேண்டும், ஆனால் காகிதத்தைப் பார்க்காமல் வார்டுக்கே வந்து பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று டாக்டர் கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அது பாசமா, தயக்கமா, எனக்கே தெரியவில்லை.

மன்னிக்க மட்டும் இன்னும் மனம் வரவில்லை. ஒரே ஒரு வாரம் அந்த ரத்தத்தை லேபுக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் போதும், அக்கா. ப்ராஜெக்ட்டில் உங்கள் பெயரை மேலே போட்டு, என் பெயரைக் கீழே நானே எழுதியிருப்பேன்.