உலகத்தில் ஐந்து குடைமறந்தான்கள்

மார்ச் 4, செவ்வாய்

கடைக்குப் புதிதாக வந்த பார்சல்காரர் மூக்குக்கண்ணாடி பிரேம் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, மேலே ஒட்டியிருந்த என் பெயரை உரக்கப் படித்தார். ஒரு தடவை போதாமல் இன்னொரு தடவை படித்தார்.

"குடைமறந்தானா? இங்க யாருங்க அது?"

"நான்தான்."

வெளியே கொளுத்துகிற வெயிலைப் பார்த்தார். என் நாற்காலிக் கையில் தொங்கிய குடையைப் பார்த்தார். "மறக்கலையே!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து இதைக் கேட்கிறேன். ஆனாலும் பாவம், அவருக்கு அது புதுசு. சிரித்து வைத்தேன்.

எங்கள் குடும்பப் பெயர் அது. இந்தப் பெயரைச் சுமக்கிறவர்கள் வேறு எதை வேண்டுமானாலும் மறக்கலாம், குடையை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு தடவை மறந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அதனால் வெயிலோ மழையோ, கையில் குடை. எங்கேயும் மூலையில் சாத்தி வைப்பதில்லை. உட்கார்ந்தால் மடியில், நின்றால் முழங்கையில். அம்மா வாசலில் நின்று "போயிட்டு வா" என்று சொன்னதே இல்லை. "குடை?" என்பாள், அவ்வளவுதான். அப்பா பல் பிடுங்கப் போனபோதுகூட குடையை மடியில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார்.

மார்ச் 6, வியாழன்

மதியம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எந்தக் குடும்பப் பெயர் உலகத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லும் இணையதளம் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் பெயரைப் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டுச் சொன்னது: ஐந்து.

ஐந்து ஆயிரமா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இல்லை, வெறும் ஐந்துதான். காண்டாமிருகங்கள் எங்களைவிட வசதியாக இருக்கின்றன.

விரல் விட்டு எண்ணினேன். அப்பா. கட்டிக்கொண்ட பாவத்துக்கு அம்மா. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட பெரியப்பா. நான். அந்த ஐந்தாவது ஆள் யார்?

அப்பாவிடம் சொன்னேன். "தப்பா எண்ணியிருப்பான்" என்றார். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "இவ கல்யாணம் முடிஞ்சு அவர் பேரைப் போட்டுக்கிட்டா நாலுதான்" என்றாள்.

அப்பா, காலையில்தான் நான் துடைத்துக் கொடுத்த கண்ணாடியை எடுத்து மறுபடி துடைத்தார்.

இந்தப் பெயரை எப்போது கழற்றிப் போடுவோம் என்று காத்திருந்தவள் நான். இப்போது என்னவோ மாதிரி இருக்கிறது. சே, ஒரு பெயர்தானே?

மார்ச் 9, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தார். எனக்குக் கணவராக வரப்போகிறவர் என்று எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது, மருந்துக்கடைக்காரர் என்றே இருக்கட்டும். நாங்கள் பழகிய கதையே வேடிக்கை. கண்ணாடி மாற்ற வந்தவர் பழைய கண்ணாடியைக் கடையில் விட்டுப் போனார். அதை எடுக்க வந்தபோது புதியதை விட்டுப் போனார்.

இன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்பா தலைவலி மாத்திரை பற்றி அரைமணி நேரம் கேள்வி கேட்டார். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார். போன பிறகு பார்த்தால், கூடத்து மூலையில் ஒரு கறுப்புக் குடை.

பாம்பு புகுந்த வீடு மாதிரி மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நக்கலு" என்றார் அப்பா. "முதல் நாளே நக்கலு!"

போன் போட்டேன். "ஐயோ, அங்கயா விட்டேன்? பஸ்ஸுல சீட்டுக்கு அடியில தேடிக்கிட்டு இருக்கேன்!" என்றார். அப்பாவிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். "இந்த வீட்டுக்கு வந்து எவனாவது நிஜமா குடையை மறப்பானா?"

மார்ச் 10, திங்கள்

அப்பாவின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தப் பெயரால் அவர் ஒரு அண்ணனையே இழந்திருக்கிறார்.

அப்பா தண்ணீர் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாள். பாராட்டு விழா, மைக், மாலை. அப்பா எங்கள் பெயர் வந்த கதையைச் சொன்னார். முன்னோர் ஒருவர் கொட்டும் மழையில் ஒரு கர்ப்பிணிக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீடு வந்தார். குடை எங்கே என்று கேட்டார்கள். செய்த நல்லதைத் தானே சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு, "மறந்துட்டேன்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயர். அலுவலகமே கைதட்டியது.

முன்வரிசையில் இருந்து பெரியப்பா எழுந்தார். பஸ் கண்டக்டராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. "அதெல்லாம் இல்லைங்க. எங்க அப்பா சொன்ன கதை வேற. ஆளு நல்லாக் குடிச்சிட்டுப் போற இடத்துல எல்லாம் குடையை விட்டுட்டு வருவாரு. அதுலயும் இரவல் குடை!"

கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நானும் சிரித்தேன். அப்பா மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மே ஐந்தாம் தேதி எனக்குப் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்து அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து போட வேண்டும். நகை வேண்டாம், மண்டபம் வேண்டாம். இந்த ஒரு ஆசைதான் எனக்கு. சின்ன வயதில் பெரியப்பாவின் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனேன், அவர் சீட்டில், அவர் பை மேல் கை வைத்துக்கொண்டு. அவர் இல்லாமல் ஒரு கல்யாணமா?

மார்ச் 15, சனி

பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. கதவைத் திறந்ததும், "வா டிக்கெட்டு" என்றார். ஓசியில் பயணம் செய்தவளுக்கு அவர் வைத்த பெயர்.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"உங்க அப்பன் வந்து கூப்பிடட்டும்."

"அன்னைக்கு மைக் முன்னாடி நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் பெரியப்பா."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? காலமெல்லாம் பஸ்ஸுல பாத்தவன் நான். குடையை யாரும் தானம் பண்றதில்ல டிக்கெட்டு. மறந்துட்டுத்தான் போறாங்க. தினம் டிப்போவுல ஒரு கட்டு கொண்டுபோய்ப் போடுவேன். சட்டையில என் பேரைப் பாத்துட்டு அங்க இருக்கறவன், 'எல்லாம் உங்களுதா?'ன்னு கேப்பான்."

பேசி முடிக்கும்வரை அவர் குடை அவர் முழங்கையிலேயே தொங்கியது. சொந்த வீட்டில், உட்கார்ந்த நாற்காலியில்!

மார்ச் 16, ஞாயிறு

அப்பா: "அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினது அவன். அவன் வரட்டும்." கிழிஞ்சது போ.

மார்ச் 23, ஞாயிறு

ஐந்தாவது ஆளைப் பிடித்துவிட்டேன்! வெகுதூரத்து ஊரில் ஒரு அம்மா நடத்துகிற பேக்கரி. பெயர்ப் பலகையிலேயே 'குடைமறந்தான்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒளித்து வைப்பதை அந்த அம்மா பலகையில் ஏற்றி விளக்கு வேறு போட்டிருக்கிறார்.

போனில் நான் பெயரைச் சொன்னதும் கடையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, "ஏய், நமக்குச் சொந்தக்காரங்க இருக்காங்கடா!" என்று கத்தினார். சொந்தமா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் சொந்தக்காரி மாதிரியே, கல்யாணம் எப்போது, பையன் என்ன வேலை, ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டாய் என்று எல்லாவற்றையும் கேட்டார்.

பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? அவரு ஒரு வீட்டுக்குப் போனாரு. அங்க ஒரு பொண்ணு. மறுபடி போறதுக்குச் சாக்கு வேணும்ல? குடையை விட்டுட்டு வந்துட்டாரு. எடுக்கப் போனாரு, திரும்பவும் விட்டுட்டு வந்தாரு. இப்படியே போயிக்கிட்டிருந்துச்சு. கடைசில பொண்ணோட அப்பா, 'ஒண்ணு குடையை எடுத்துட்டுப் போ, இல்ல இவளைக் கூட்டிட்டுப் போ'ன்னுட்டாரு."

"மறக்கவே இல்லையா?"

"எங்க குடும்பத்துல யாரும் எதையும் மறந்ததில்லம்மா. மறந்தோம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

மார்ச் 24, திங்கள்

மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "அன்னைக்கு என் கடையில கண்ணாடி, அப்புறம் எங்க வீட்டுல குடை... வேணும்னுதானே விட்டீங்க?"

நன்றாக யோசித்துவிட்டு, "இல்லங்க, சத்தியமா மறந்துதான் போனேன்" என்றார்.

ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு?

மார்ச் 30, ஞாயிறு

பேக்கரி அம்மாவின் கதையை இரண்டு கட்சிக்கும் கொண்டுபோனேன்.

அப்பா: "பேக்கரிக்காரங்க கதை, நல்லா உப்பித்தான் வரும்." கொஞ்ச நேரம் கழித்து: "ஆனா வேணும்னேதான் விட்டாருன்னு அவங்களும் சொல்றாங்க பாத்தியா? மறதி இல்ல. நான் சொன்னதுதான்."

பெரியப்பா: "திரும்பத் திரும்ப விட்டுட்டு வந்தானா? அப்ப நான் சொன்னதுதான்." பிறகு என்னைப் பார்க்காமல், "மறுபடி போறதுக்குச் சாக்கா..." என்று இழுத்தார். "கெட்டிக்காரன்தான்."

ஐந்து பேருக்கு மூன்று கதை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாள் நெருங்குது. ரெண்டு பேரும் அசையற மாதிரி இல்ல. நான் யாருக்குன்னு பேசறது? ஒரு கிழவர் இங்க உம்முன்னு, ஒரு கிழவர் அங்க உம்முன்னு. செத்துப்போன எவரோ ஒருத்தர் குடையை என்ன பண்ணா இவங்களுக்கு என்ன? எனக்கு அழுகையா வருது. போங்கடா நீங்களும் உங்க குடையும்!

ஏப்ரல் 20, ஞாயிறு

பெரியப்பா வந்தார்!

அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் இஸ்திரி போட்ட சட்டை, முழங்கையில் குடை. "டிக்கெட்டுக்கு ஒரு கடிகாரம் வாங்கினேன். குடுத்துட்டுப் போலாம்னு" என்றார், எனக்குப் பின்னால் இருந்த சுவருக்குக் கேட்கிற மாதிரி.

கல்யாணப் பரிசைக் கல்யாணத்தன்று கொடுத்தால் ஆகாதா என்று நான் கேட்கவில்லை. நான் என்ன பைத்தியமா?

அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பெரியப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"காப்பி குடிப்பாரான்னு கேளு" என்றது செய்தித்தாள்.

"சர்க்கரை கம்மியா இருந்தா குடிப்பேன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

இரண்டடி தூரத்துக்கு நான் தபால்காரி. அம்மா காப்பி கொண்டுவந்தாள், கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றாள். காப்பிக்கு எதற்கு வெங்காயம்?

குடித்து முடித்ததும் பெரியப்பா எழுந்தார், கிளம்பினார். அவ்வளவுதான். அப்பா தாளை இறக்கவே இல்லை. நானும் அம்மாவும் வாசல்வரை போனோம். அம்மா வாயைத் திறந்தாள், "குடை" என்று தொடங்குவதற்குள் அவர் மளமளவென்று படியிறங்கிவிட்டார். முழங்கால் வலிக்காரர் அத்தனை வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை.

உள்ளே வந்தால், நாற்காலிக் கையில் தொங்குகிறது. பெரியப்பாவின் குடை. தினம் தினம் ஊரார் மறந்த குடைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர், தன் குடையை ஒரு நாளும் கைவிடாதவர்.

"நான் ஓடிப்போய்க் குடுத்துட்டு வரேன்" என்றேன்.

செய்தித்தாள் இறங்கியது. அப்பா குடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம்.

"யாரும் தொடாதீங்க" என்றார். "அவரே வந்து எடுத்துக்கட்டும்."

'அவன்' அவராகிவிட்டான். கவனித்தேன்.

ஏப்ரல் 23, புதன்

குடையை எடுக்க வந்தார். காப்பி, சர்க்கரை கம்மி. இந்தத் தடவை அப்பா நேராகவே கேட்டார். பேச்சு பேக்கரி அம்மாவில் ஆரம்பித்து, கர்ப்பிணிக்கு வந்து, இரவல் குடையில் போய் முட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அம்மா கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது, "அஞ்சாம் தேதி எத்தனை மணிக்கு?" என்று பெரியப்பா கேட்டார். "பத்து மணி. சீக்கிரம் வா, உனக்கு எப்பவும் லேட்டு" என்றார் அப்பா.

குடையை மறுபடியும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"வேணும்னேதானே பெரியப்பா?" என்று போனில் கேட்டேன்.

"வயசாச்சு டிக்கெட்டு" என்றார்.

மே 5, திங்கள்

முடிந்தது. அப்பா, பெரியப்பா, இரண்டு சாட்சிக் கையெழுத்து, ஒன்றின் கீழ் ஒன்று. வாசித்துப் பார்த்த அதிகாரி இருமல் வந்தவர் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கட்டும்.

பெயரை மாற்றிக்கொள்கிறீர்களா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். யோசிக்காமல்தான் வந்தது. அப்பா உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியப்பா, "அஞ்சு அஞ்சாவே இருக்கட்டும்" என்றார்.

அவசரத்தில் என் கணவர் என் கையெழுத்துக்காகக் கொடுத்த பேனாவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். உண்மையாகவே மறந்துதான்.

மே 11, ஞாயிறு

அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறோம். மதியத்தில் இருந்து அடைமழை. காலையில் குடையோடு பெரியப்பா அறைக்குப் போன அப்பா, இருட்டுகிற நேரத்தில்தான் திரும்பினார். தலையில் இருந்து கால்வரை தொப்பலாக நனைந்திருந்தார்.

அம்மா துண்டோடு ஓடினாள். பாதியில் நின்று அவர் கைகளைப் பார்த்தாள்.

"குடை?"

அப்பா துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார். முகம் துண்டுக்குள் இருந்தது.

"அண்ணன் வீட்டுல மறந்துட்டேன்" என்றார். "நாளைக்குப் போய் எடுத்துட்டு வரணும்."