இடமிருந்து வலம், ஏழு

திருக்கோவிலூர்
16.6.2025

அன்பு வெங்கடேசா,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. குறுக்கெழுத்துப் புதிர் போடுவதில் மூளைக்காரன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்ளும் நான், நம் மாத இதழின் புதிருக்கு இந்தத் தடவை உன் வீட்டிலிருந்து ஒரு குறிப்பைத் திருடிவிட்டேன். அச்சகத்துக்காரர் வாசலில் நிற்கிறார், இடமிருந்து வலம் ஏழு மட்டும் பாக்கி, மண்டையில் ஒன்றும் இல்லை. உன் புதன்கிழமைதான் ஞாபகம் வந்தது. போட்டுவிட்டேன்.

‘புதன்தோறும் பஸ்ஸில் போனால் மடியில் ஏறும் (3).’ விடை, பேத்தி.

காதல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பெற்ற மகள் இலக்கியாவின் பெயரைக்கூட மூன்று வருஷமாக உன் வீட்டில் எடுக்கவிடவில்லை கமலா தங்கச்சி. நீ மகளைப் பார்க்கப் போனால் தானும் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று சத்தியம் வேறு. நீயோ கச்சிராயபாளையத்தில் மோட்டார் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, வாரம் தவறாமல் அங்கே மகள் வீட்டில் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாய். ஒரே மோட்டாரை ஒரு வருஷமாக ரிப்பேர் செய்கிற மெக்கானிக் ஜில்லாவிலேயே நீ ஒருவன்தான். அதைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் வாயைப் பற்றித் தெரிந்தும் என்னிடம் சொன்னாயே, அது உன் தப்பு.

யாருக்கும் புரியாது என்றுதான் நினைத்தேன். கமலா வாட்ஸ்அப்பில் கூட்டம் சேர்த்துக்கொண்டு புதிர் அவிழ்ப்பாள் என்று நான் என்ன கனவா கண்டேன்? நேற்று இங்கே கல்யாணப் பந்தியில் நேராக என் இலைக்கு எதிரே வந்து நின்றாள். “ஏழாவது கெடச்சிடுச்சிண்ணே. ஒம்போது பேரும் மூணு நாளா மண்டைய ஒடச்சிக்கினு கண்டுபுடிச்சோம். இப்டியெல்லாமா குறிப்பு வெப்பீங்க?” என்றாள். சிரிக்கவே இல்லை. பாயசத்தை வேட்டியில் ஊற்றிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

உனக்கு போன் செய்தால் அவள்தான் எடுப்பாள். அதனால் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். ஏதாவது செய்.

உன் உருப்படாத நண்பன்,
தெய்வசிகாமணி


சங்கராபுரம்
19.6.2025

சிகாமணி,

நின்றுகொண்டு பிரித்தேன், உட்கார்ந்துதான் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று புதன்கிழமைகூட எப்போதும்போல டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அதுதான் பயமாக இருக்கிறது. அவள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடப் போகிறேன். நீ இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

வெங்கடேசன்


சங்கராபுரம்
28.6.2025

சிகாமணி,

அன்றைக்கே சொல்லிவிட்டேன். தோசைக்கல்லை இறக்கி வைத்தாள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன்.

“எத்தினி பல்லு மொளச்சிருக்குது?” என்று கேட்டாள்.

ஆறு என்றேன்.

“ஒரு போட்டோ கூட காட்டலியே நீங்க.”

அதோடு சரி. ஐந்து நாள் வீட்டில் பேச்சே இல்லை. புதன்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். என்னைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கச்சிராயபாளையம் பஸ்ஸில் தனியாக ஏறிப் போய்விட்டாள். சத்தியம் செய்தபடியே வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளேன்.

இன்றோடு நாலு நாள். எப்போது வருகிறாய் என்று நேற்று போனில் கேட்டேன். பக்கத்தில் பேத்தி கத்துகிற சத்தம் கேட்டது. “மோட்டாரு இன்னும் ரிப்பேர் ஆவலிங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அங்கே போக எனக்கு இன்னும் உத்தரவு கிடைக்கவில்லை. உனக்கும் இனிமேல் என்னிடமிருந்து ஒரு ரகசியமும் கிடைக்காது.

இன்று காலையில் சர்க்கரை டப்பாவைத் தேடினபோது, அவள் பூர்த்தி செய்து வைத்திருந்த உன் இதழ் அகப்பட்டது. பொருந்தாத எழுத்துகளை அழித்து, மேலிருந்து கீழ் வருகிற சொல்லையும் மாற்றியிருக்கிறார்கள். ஏழுக்கு ஒன்பது பேரும் சேர்ந்து கண்டுபிடித்த விடை, மூட்டை.

வெங்கடேசன்