பசை மேசையும் அரை லிட்டர் பாலும்

அன்பு மகள் ஸ்லாவ்காவுக்கு, அப்பா இல்ச்சோ சொல்லச் சொல்லத் தபால்காரி பென்கா எழுதுகிறாள். இங்கே நானும் அம்மாவும் சுகம், இத்தாலியில் நீயும் மருமகனும் வயிற்றில் இருக்கிற நாலு மாதக் குஞ்சும் குறையில்லாமல் இருக்கவேண்டும். குடைமிளகாய் சுட்டுத் தோலுரித்து நாற்பது புட்டி போட்டாயிற்று, என் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான். ஞாயிற்றுக்கிழமை போனில், செருப்புப் பட்டறையில் உன்னைப் பசை தடவும் மேசைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, "பயப்படாதப்பா, அம்மா மாதிரி நானும் தினம் பால் குடிக்கிறேன்" என்றாய். அப்போது அம்மா பக்கத்தில் நின்றாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மாவும் நம் ஊர் செருப்பு ஆலையில் பசை மேசைதான். அந்த வாடையில் தலை கிறுகிறுத்துப் பெண்கள் சும்மா சும்மா சிரிப்பார்கள், பாடுவார்கள். மேஸ்திரி கான்ச்சோ, "ஏன்டி, குடிச்சிட்டு வந்தீங்களா?" என்பான். "நீங்க வாங்கிக் குடுத்தாத்தானே அண்ணே!" என்பாள் உன் அம்மா, அவள் குரல்தான் உரக்கக் கேட்கும். வண்டியில் தோல் இறக்கிக்கொண்டே அதைக் கேட்டுத்தான் நான் அவளைக் கட்டினேன். பசை மேசைக்காரிகளுக்கு மட்டும் தினம் அரை லிட்டர் பால், விஷத்தை முறிக்குமாம். வெள்ளித்தாள் மூடி போட்ட புட்டி, எவ்வளவு பெருமையாகத் தூக்கி வருவாள் தெரியுமா.

உனக்கு முன்னால் உண்டானபோது டாக்டரம்மா, டப்பா கட்டும் பிரிவுக்கு மாற்றச்சொல்லிச் சீட்டு கொடுத்தாள். அங்கே பால் கிடையாது. "பிள்ளைக்குப் பால் வேணாமா? சீட்டக் குடுக்காத ஸ்தமேனா" என்று உன் அம்மாவிடம் சொன்னவன் நான்தான். ஏழாம் மாதம் பையன் பிறந்தான், அழவே இல்லை. மெதோதி என்று பெயர் வைத்திருந்தோம். பசையால்தான் என்று யாரும் எழுதித் தரவில்லை, ஆனால் அந்த ஆவி தாயின் ரத்தம் வழியாகப் பிள்ளைக்கும் போகும், பால் அதைத் தடுக்காது என்று டாக்டரம்மா அப்புறம்தான் எனக்கு விளங்கச் சொன்னாள். உன்னைச் சுமந்தபோது அம்மா டப்பாதான் கட்டினாள்.

அதனால் மகளே, நாளைக்கே டாக்டரிடம் போய் வேறு மேசை கேள். முதலாளியம்மா முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வேலையே போனாலும் இங்கே உன் கட்டில் இருக்கிறது. நீ சொன்னதைக் கேட்ட ஞாயிறிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மாறியதும் போன் போடு, என்னைக் கூப்பிடாதே, அவளிடமே சொல்.

நீயும் குஞ்சும் நூறு வயது இருங்கள். மருமகனுக்கு என் அன்பு.

உன் அப்பா
இல்ச்சோ