சிமெண்ட் படகில் உன் அம்மா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நான் மட்டும் கொஞ்சம் அதிகப்படியான சுகத்தில் இருக்கிறேன், ஏன் என்று படித்தால் தெரியும். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இருந்தே ஆக வேண்டும். உன்னோடு வேலை செய்யும் வெல்டர் தம்பி லீவு முடிந்து நாளைக் காலை கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் நீ அதை முடித்துவைத்துவிடுகிறாய், அதுவும் தப்பாக முடித்துவைக்கிறாய். காகிதத்தில் உனக்குக் குறுக்கே பேச வழியில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உன் மனைவியை எழுதச் சொன்னேன், "உங்க பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிக்குங்க அத்தை, நான் இந்த ஆட்டத்துக்கு வரல" என்று நைசாகக் கழன்றுகொண்டாள்.

விஷயம் உன் மகளைப் பற்றித்தான். இரண்டு பல்கலைக்கழகத்திலும் அவளுக்கு இடம் கிடைத்ததிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. கடைக்காரர், பஸ் கண்டக்டர், யார் அகப்பட்டாலும் நிறுத்திவைத்து, "என் பேத்தி கட்டடப் பொறியியல் படிக்கப் போறா, ஒரு இடத்துல இல்ல, ரெண்டு இடத்துல கூப்பிட்டிருக்காங்க" என்று சொல்கிறேன். பல் டாக்டர் வாய்க்குள் கருவியை விட்டிருந்தபோதுகூடச் சொல்லப் பார்த்தேன், "அம்மா, தயவு செஞ்சு வாயைத் திறந்து வைங்க, ஆனா பேசாதீங்க" என்று மன்றாடினார். நீயும் அங்கே பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி வேலையிடம் முழுக்க இனிப்புக் கொடுத்தாயாம், உன் சூப்பர்வைசர் மகன் படித்த இடமாம், வெல்டர் தம்பி சொன்னார். கேட்கப் பூரிப்பாகத்தான் இருந்தது, கூடவே கொஞ்சம் கவலையும். ஏனென்றால் எங்கே சேர்கிறாள் என்று இந்த மாதக் கடைசிக்குள் அவள் சொல்லியாக வேண்டும், அவள் மனசில் இருப்பது அந்த இடம் இல்லை, அதை உன்னிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்கா வாய் வரவில்லை என்று சிரிப்பாய், ரேடியோ என்று பெயர் வைத்தவனே நீதானே. சிரிக்காமல் மேலே படி.

இரண்டு இடத்தையும் நேரில் வந்து பார்க்கலாம், பெற்றோரும் வரலாம் என்று அழைத்திருந்தார்கள். உன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை, அதனால் நான்தான் பெற்றோர். முதலில் பெரிய இடத்துக்குப் போனோம். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அப்படி ஒரு இடம், கண்ணாடிக் கட்டடமும் புல்தரையும், கழிப்பறைகூட நம் கூடத்தைவிடப் பளபளப்பு. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் எங்களை மரியாதையாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினாள். உன் மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. குளிரூட்டிய ஒரு பெரிய மண்டபத்தில் ஒருவர் படம் போட்டு விளக்கிவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார், இவள் கை பாதி உயர்ந்தது, உடனே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அந்தக் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டாள். வீட்டில் குழாய் ரிப்பேர் செய்ய வருபவரையே கேள்வி கேட்டு ஓட வைக்கிறவள். திரும்பி வரும் வழியில், "எப்படிடீ இருந்துச்சு?" என்றேன். "நல்லா இருந்துச்சு பாட்டி" என்றாள். அவ்வளவுதான், ரேடியோ கட். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த வாரம் இன்னொரு இடத்துக்குப் போனோம். இங்கேதான் உன் அம்மா வழக்கம்போல ஒரு வேலை செய்தாள். ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் திரையும் விரிப்பும் தைத்துக் கொண்டுபோய்ப் போட்டே வாழ்க்கை ஓடியதா, எந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தாலும் என் கால் தானாகச் சரக்கு வண்டி திரும்பும் பக்கம்தான் போகும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேச்சு சுவாரசியத்தில் விறுவிறுவென்று பின்பக்கக் கேட்டில் போய் நின்றேன். காவலாளி, "என்னம்மா கொண்டு வந்திருக்கீங்க?" என்றார். "பேத்தியைத்தான்" என்றேன். மனுஷன் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்துவிட்டது, உள்ளே போங்க என்று விட்டுவிட்டார். பின்வாசல் வழியாக இடம் வாங்கினோம் என்று அங்கே யாரிடமும் உளறிவைக்காதே, பார்க்க மட்டும்தான் அந்த வழியாகப் போனோம்.

உள்ளே போனால் வரவேற்பும் இல்லை, அட்டை மாட்டியவர்களும் இல்லை, ஒரு பட்டறையின் கொல்லைப்புறம். கான்கிரீட்டை ஊறப்போடுகிற பெரிய தொட்டி, அதைச் சுற்றிக் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்ட பிள்ளைகள், நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு படகு. சிமெண்டில் செய்த படகடா! சிமெண்ட் எங்கேயாவது மிதக்குமா, வேலைவெட்டி இல்லாத பிள்ளைகள் என்றுதான் முதலில் நினைத்தேன். மிதக்கத்தான் செய்தது, ஆனால் யார் ஏறி உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆளைக் கொட்டியது. கொட்டக் கொட்ட ஒரே சிரிப்பு. உன் மகள் சுவர் ஓரமாக நின்றபடி, "இடது பக்கம் தடிமன் ஜாஸ்தி" என்று தன் பாட்டுக்கு முணுமுணுத்தாள். பின்னலில் சிமெண்ட் ஒட்டியிருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பி, "யாரது, சத்தமா சொல்லு!" என்றாள். அவ்வளவுதான் மகனே. பையை என் மேல் எறிந்துவிட்டுப் போனவள்தான், படகைத் தட்டிப் பார்க்கிறாள், விரலால் அளக்கிறாள், "நீ சொல்றது தப்பு" என்று ஒருத்தன் சொல்கிறான், "அப்ப நீயே ஏறி விழு" என்கிறாள். பெயரைக்கூட யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை, அதற்குள் சண்டை வந்துவிட்டது.

ஆளை வலப்பக்கம் தள்ளி உட்கார வைத்தால் சரியாகும், ஆனால் அசையாமல் உட்கார வேண்டும் என்று இவள் சொல்ல, சிரிக்கிற பிள்ளைகள் எங்கே அசையாமல் உட்காரும்? உடனே, "எங்க பாட்டி தையல் மிஷின்ல உட்கார்ந்தா இடிவிழுந்தாலும் அசைய மாட்டாங்க" என்று என்னை மாட்டிவிட்டாள். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன், உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். நான் உட்கார்ந்தேன், படகு நின்றது, சாயவே இல்லை! மெல்லத் தள்ளிவிட்டார்கள், ராணி மாதிரி தொட்டியின் அந்தக் கோடிவரை போனேன். எல்லோரும் விசிலடிக்கிறார்கள், உன் மகள் எல்லோரையும்விடச் சத்தமாக விசிலடிக்கிறாள், எங்கே கற்றாளோ. அந்த நேரம் பார்த்து, "என்ன நடக்குது இங்க?" என்று அவர்கள் வாத்தியார் வந்துவிட்டார். வாத்தியார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழகியது இந்த உடம்பு. படகென்று மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

பயப்படாதே, இடுப்பளவு தண்ணீர்தான். உன் மகள் செருப்போடு குதித்து என்னைத் தூக்கினாள். படகுதான் பாவம், தொட்டிச் சுவரில் மோதி விரிசல் விட்டது. என்னால்தானே என்று எனக்கு அழுகையே வந்தது. அந்தப் பின்னல்காரி, "அட விடுங்க பாட்டி, எங்க உடையும்னு தெரியாமத்தான் இத்தனை நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தோம்" என்று விரிசலைத் தடவிப் பார்த்து மகிழ்ந்துபோனாள். உன் மகளும் கூடவே தலையை நுழைத்துவிட்டாள். வாத்தியார் கொஞ்ச நேரம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ எந்த வருஷம்மா, கிளாஸ்ல பார்த்ததே இல்லையே?" என்றார். "இன்னும் சேரவே இல்ல சார்" என்றாள். அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு மாற்றிக்கொள்ளப் பட்டறையில் போடும் நீல உடுப்பு கொடுத்தார்கள், முதுகில் பெரிய எழுத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர். அதோடு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்காரர், "எந்த டிபார்ட்மெண்ட்?" என்றார், "படகு" என்று கெத்தாகச் சொன்னேன். உன் மகள் வழியெல்லாம் அந்த விரிசலைப் பற்றியே பேசினாள். வீடு நெருங்கும்போது மட்டும் அடங்கி, "அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரே பாட்டி, நான் அங்கேயே போயிடுறேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. இந்த இடத்தின் பெயர் உன் வேலையிடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. சுவரில் பெயிண்ட் உரிகிறது, விடுதியையும் விடாமல் பார்த்தேன், ஒரு ஜன்னல் தாழ்ப்பாள் விழவில்லை, சரிசெய்யச் சொல்லி வார்டனை விரட்டிவிட்டுத்தான் வந்தேன். படிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதானாம், விசாரித்துவிட்டேன். இனிப்புத் தின்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று நீ யோசிப்பாய். தின்றது தின்றதுதான், யாரும் திருப்பித் தரப் போவதில்லை. தலை நிமிர்ந்து இன்னொரு தடவை கொடு, வேண்டாம் என்றா சொல்லிவிடுவார்கள்?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு. எந்த இடம், யோசித்தாயா, வேலை கிடைக்குமா என்று எதையும் கேட்காதே. பெரிய இடத்தில் என்ன பார்த்தாய் என்று கேள், சொல்லி முடிக்கட்டும். பிறகு அந்த விரிசல் எப்படி விட்டது என்று கேள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இரு, உனக்குக் கஷ்டம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அதற்கப்புறமும் பெரிய இடம்தான் என்று உன்னால் சொல்ல முடிந்தால் சொல்லிவிடு, நானே அவள் பெட்டியைக் கட்டி அங்கே கொண்டுபோய் விடுகிறேன்.

நீயும் உன் கூட இருப்பவர்களும் நோய்நொடி இல்லாமல், குறை ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். உயரத்தில் ஏறினால் பெல்ட்டை மாட்டிக்கொள், மாட்டினேன் என்று பொய் சொல்லாதே, வெல்டர் தம்பியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மறக்காமல் சாப்பிட்டு முடித்துவிட்டு அவளுக்குப் போன் செய், அவள் பேச்சு லேசில் முடியாது.

இப்படிக்கு,
காதுக்குள் போன தண்ணீர் இன்னும் வடியாத,
உன் அம்மா