அந்தச் சரி உனக்குச் சொன்னது

ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் கோபமும் சுகம். நாளுக்கு நாள் நன்றாகத் தேறி வருகிறது. அங்கே நீயும் பெண்ணும் சுகமா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் தபால்தலை ஒட்டுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, உன் கப்பல் கம்பெனி எங்கள் ஆறு பேர் பணத்தையும் தரமாட்டேன் என்கிறது. இனிமேல் போனில் உன்னிடம் ‘சாப்பிட்டியா’ என்றுகூடக் கேட்கமாட்டேன். எதுவானாலும் எழுத்தில்தான்.

நேற்று அவர்கள் கடிதம் வந்தது. தையல் கடையில் எல்லார் முன்னாலும் பிரித்துப் படித்தேன். ‘தாங்கள் தாங்களாகவே பயணத்தை ஒத்திவைத்துக்கொண்டதால் கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது. கால்பங்கு கூடுதல் மதிப்புடன் வழங்கப்பட்ட வவுச்சரைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளவும்.’ தாங்களாகவே. அந்த ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நாங்களாகவே என்ன செய்தோம்? நாலு வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தோம். மாதா மாதம் ஒரு பங்கை டப்பாவில் போட்டோம். துணி வெட்டுகிறவள், அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம், உனக்குத் தெரியும், அவள்தான் கப்பல் ஆசையை முதலில் கிளப்பியது. இஸ்திரிக்காரி, “கப்பல்ல இஸ்திரி போடச் சொல்ல மாட்டாங்கல்ல, அது போதும் எனக்கு” என்றாள். ஏப்ரல் பத்தாம் தேதி ஏழு நாள் பயணம். அதற்குள் தொற்றுக் காய்ச்சல் வந்து ஊரையே வீட்டுக்குள் தள்ளிப் பூட்டியது.

பிப்ரவரி 26-ஆம் தேதி காலை பதினொன்றரைக்குக் கம்பெனி சார்பில் நீ கூப்பிட்டாய். தேதியைத் தள்ளிவைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டாய். ஆறு பேருக்கும் சேர்த்து நான் சரி என்றேன். 28-ஆம் தேதி கம்பெனியே பயணத்தை ரத்து செய்தது. கம்பெனி ரத்து செய்தால் முழுப் பணமும் கைக்கு வரவேண்டும், பயணியே தள்ளிப்போட்டால்தான் அடுத்த பயணத்துக்கான வவுச்சர் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது. இரண்டு நாள் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பணம் வந்திருக்கும்.

இதை எப்படிச் சரி செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷமாகிறது. ‘ழ’வுக்கு இன்னும் அதே வால்.

நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் அத்தான்தான் எடுத்தார். கடைசியில், “அவ எழுதிக்கிட்டு இருக்காம்மா, நான் நடுவுல வரல” என்று சொல்லி வைத்துவிட்டார். பாவம் மனுஷன்.

அக்கா, கோபப்படாமல் கேள். விதி என்று ஒன்று இருக்கிறது. ஒத்திவைத்தவர்களுக்கு வவுச்சர்தான். உனக்கு மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கான பேருக்கு அப்படித்தான். கால்பங்கு கூடுதலாகவும் தருகிறார்கள். போன பணம் இல்லை அது, தள்ளிப்போன பயணம், அவ்வளவுதான். துறைமுகங்கள் திறந்ததும் நானே உங்களுக்கு ஜன்னல் வைத்த அறையாகப் பார்த்துத் தருகிறேன். சாதாரணமாக உங்கள் கட்டணத்துக்கு உள்பக்க அறைதான் கிடைக்கும்.

இங்கே பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எங்கள் தளத்தில் எழுபது மேஜை இருந்தது. இப்போது இருபத்தெட்டில்தான் ஆள் இருக்கிறது. மற்ற நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்குக் கல்லூரியில் இது கடைசி வருஷம். இந்த வீட்டுக்குள் வருவது என் ஒருத்தி சம்பளம். அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

போனை எடு, அக்கா. அரைத்த மாவையே தபாலில் அரைக்க வேண்டாம்.

உன்
தங்கை


ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

ஜன்னல் வைத்த அறைக்கு நன்றி. கத்திரி அந்த ஜன்னலில் எதைப் பார்ப்பாள்? அவளுக்குக் காய்ச்சல் வந்து போனது உனக்குத் தெரியாது. நானும் எழுதவில்லை. காய்ச்சல் போய்விட்டது, மூச்சு திரும்பவில்லை. கடை மாடிப்படி பதினாலு. ஏழாவது படியில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். இரண்டு வருஷத்துக்குக் கப்பல், விமானம் எதுவும் கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். வவுச்சரோ பன்னிரண்டு மாதம்தான். வேறு ஆளுக்கு மாற்றவும் கூடாதாம். கேட்டு எழுதினேன், உங்கள் ஆபீஸிலிருந்து ‘அனுதாபங்கள்’ என்று பதில் வந்தது. அனுதாபத்தை மருந்துக்கடையில் வாங்கமாட்டார்கள்.

அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆறு பேருக்கும் சேர்த்துச் சரி சொன்ன வாய் என்னுடையது.

ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். வேறு எவள் கூப்பிட்டிருந்தாலும், “எழுதி அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்” என்றிருப்பேன். இருபது வருஷமாகத் துணிக்கடைக்காரர்களிடம் பேரம் பேசுகிறவள் நான். ஒரு மீட்டர் குறைந்தால் விடமாட்டேன். உன் குரல் என்றதும் அளக்காமல் வெட்டிவிட்டேன். அந்தச் சரி உனக்குச் சொன்னது, கம்பெனிக்கு இல்லை.

அன்றைக்கு நீ என்னை ‘நீங்க’ என்றாய். “நீங்களாகவே தேதியை மாத்திக்க விரும்புறீங்களா?” பிறந்ததிலிருந்து ‘நீ’ போட்டுப் பேசுகிறவள். பக்கத்தில் அதிகாரி யாராவது நிற்கிறார், அதனால் மரியாதை போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைக் கூப்பிட்ட அன்றைக்குக் காலையில், அந்தக் கப்பல் போகாது என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை போதும்.

நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் 12 விசாரணை. வக்கீல் வைக்கவில்லை. எனக்கு வாய் இருக்கிறது.

அக்கா


ஜூலை 8

அக்கா,

புகார் கொடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்தி, “புகார் குடுத்தது உங்க அக்காவாமே” என்றார். அந்தக் கண்ணாடி வழியாக இருபத்தேழு பேர் என்னைப் பார்த்தார்கள்.

உனக்கு என்ன, நீ உன் கடைக்கு முதலாளி. உன்னை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. எனக்கு எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுதான் வேலை. படித்தேன். நீ கேட்ட கேள்வியை எங்கள் அதிகாரிகளிடம் கேள், என்னிடம் கேட்காதே.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். கம்பெனி ஆறு பேர் பணத்தையும் முழுதாகத் தரத் தயார், கத்திரியின் பணம் உள்பட. நீ புகாரைத் திரும்பப் பெற வேண்டும். ‘நானாகவே ஒத்திவைத்தேன், யாரும் எதையும் மறைக்கவில்லை’ என்று அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே சொல்லக்கூடாது. அவ்வளவுதான்.

அவர்களிடம் பேசி இதை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. உனக்குப் பணம்தானே வேண்டும்? வந்துவிடும். என் வேலையும் தப்பும். பிடிவாதம் பிடிக்காதே, அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


ஜூலை 15

தங்கைக்கு,

உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கசக்கவில்லை, பார்த்துக்கொள். கம்பெனிப் பொருள்.

உன் கெஞ்சலைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒன்றும் கல் இல்லை. கடையில் எல்லாரையும் உட்கார வைத்துத் தாளைப் படித்துக் காட்டினேன். பொத்தான் கட்டுகிறவள், “போட்டுடுங்கக்கா, பொய்யா மெய்யான்னு பணத்துமேல எழுதியிருக்கா” என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. இஸ்திரிக்காரி மட்டும், “நம்மள மாதிரி மத்தவங்க எத்தனை பேரு இருப்பாங்க? அவங்களுக்கும் தருவாங்களா?” என்று கேட்டாள். தாளைப் புரட்டிப் பார்த்தோம். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பேனாவை எடுத்தேன். ‘நானாகவே’ என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதில் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு என்னைப்போல இன்னொருத்தி மன்றத்துக்குப் போகும்போது அவள் முகத்துக்கு முன் என் கையெழுத்தை நீட்டுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னால்கூடப் பரவாயில்லை, சோறும் என் வீட்டுச் சோறாகவே இருக்க வேண்டுமாம்.

துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினை விற்று கத்திரியின் பங்கை நானே கொடுத்துவிட்டேன். கொடுத்ததற்கு அவள் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. பாதித் திட்டில் மூச்சு வாங்கியது, உட்கார்ந்து, மீதியையும் திட்டி முடித்தாள். ஆகவே இனிப் பணத்துக்காக என்னை யாரும் அவசரப்படுத்த முடியாது.

எனக்குப் பணம்தானே வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆமாம், வேண்டும். பிச்சையாக வேண்டாம், நாவடக்கத்துக்குக் கூலியாகவும் வேண்டாம். நான் கேட்ட ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு மாதமாகிறது, உன்னிடமிருந்து எதுவும் இல்லை. தபால்காரர் கடையைத் தாண்டும்போதே “இன்னிக்கும் இல்லம்மா” என்று சொல்லிக்கொண்டே போகிறார். நீ சௌக்கியமா என்பதை மட்டுமாவது ஒரு அட்டையில் எழுதிப் போடு.

மன்றத்தில் நேற்று முதல்கட்டமாகக் கூப்பிட்டார்கள். குறுகலான அறை, சுற்றிலும் கோப்புக்கட்டு, ஒரு மின்விசிறி. கம்பெனி சார்பில் வக்கீல் இரண்டு பேர். நம் போன் பேச்சைத் தட்டச்சு செய்து ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் உன் பேர் இல்லை. நீ பேசிய இடத்தில் எல்லாம் ‘பிரதிநிதி’ என்று இருக்கிறது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்கள்.

எழுத்தர் என்னைப் பார்த்து, “கூப்பிட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். “தெரிஞ்சா அவங்களைச் சாட்சியா கூப்பிடலாம். அவங்களுக்கு முன்கூட்டியே தெரியும்னு நிரூபிச்சா உங்க பக்கம் பலம்.”

தெரியாது என்றேன். ஏதோ ஒரு பெண் குரல் என்றேன்.

நீ பிறந்தபோது எனக்கு ஆறு வயது. நீ அழுதால் பசியா, காதுவலியா என்று அம்மாவுக்கு முன் சொல்லிவிடுவேன். அந்தக் குரலைத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கம்பெனிக்குப் போட மாட்டேன் என்ற பொய்க் கையெழுத்தை உனக்குப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சாட்சி இல்லாமல் தோற்றுவிடுவேன் என்று எழுத்தர் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டார். தோற்றால் தோற்கிறேன். ஆனால் 12-ஆம் தேதி போய் நின்று பேசிவிட்டுத்தான் தோற்பேன். நீ கவலைப்படாமல் வேலையைப் பார். பெண் நன்றாகப் படிக்கட்டும். இனி உன்னை எதுவும் கேட்கமாட்டேன்.

உன்
அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியும்.

அன்று காலை ஒன்பது மணிக்கு எங்களை எல்லாம் நிற்க வைத்துச் சொன்னார்கள். கப்பல் போகாது, 28-ஆம் தேதி அறிவிப்பார்கள், அதற்குள் முடிந்தவரை ஆட்களை ‘ஒத்திவைக்க’ வையுங்கள் என்றார்கள். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஆறு வரி. ‘28 வரை ரத்து என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது’ என்று மேலேயே அச்சடித்திருந்தது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உன் பேர் என் பட்டியலில் இல்லை. பக்கத்து மேஜைப் பெண்ணின் பட்டியலில் இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை சம்மதம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். பதினொரு மணி வரை எனக்கு மூன்றுதான் கிடைத்திருந்தது. உன் பேருக்கு எதிரே ஆறு இருக்கை. நான்தான் அவளிடம், “இதை எனக்குக் குடு, எங்க அக்காதான், உடனே சரி சொல்லிடுவா” என்று கேட்டு வாங்கினேன். ஒரே அழைப்பில் ஆறு. அன்றைக்கு மாலை என் பேரைப் பலகையில் எழுதினார்கள். கை தட்டினார்கள், அக்கா. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அவளே கூப்பிட்டிருந்தால் நீ எழுதி அனுப்பச் சொல்லியிருப்பாய். உங்கள் பணம் உங்களிடம் இருந்திருக்கும்.

இதை எழுத முடியாமல்தான் ஒன்றரை மாதத்துக்கு மேல் பதில் போடவில்லை. நீ திட்டியபோதெல்லாம் எனக்கு வசதியாக இருந்தது, பதிலுக்குக் கோபப்பட்டுக்கொண்டேன். நீ எனக்காகப் பொய் சொன்னாய் என்று படித்த பிறகு அந்த வசதியும் போய்விட்டது. யாரை ஏமாற்றினேனோ அவளே என் முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றால் நான் என்னதான் செய்வது?

திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அந்த ஆறு வரித் தாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இத்தனை நாளும் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். நான் பேசிய அறுபத்தொரு பேரில் நினைவுக்கு வந்தவர்கள் பேரை எல்லாம் இரவும் பகலுமாக எழுதி வைத்திருக்கிறேன். நாற்பத்துநாலு பேர். மன்றத்துக்கு நேற்றே மனுப் போட்டுவிட்டேன், சாட்சி சொல்ல வருகிறேன் என்று. வழக்குப் போடுவோம் என்று கம்பெனியிலிருந்து மிரட்டல் வந்திருக்கிறது. போடட்டும். எனக்கும் உன் வாயில் பாதியாவது இருக்காதா?

பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். “பெரியம்மாகிட்ட சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டாள். பகுதிநேர வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

11-ஆம் தேதி மாலை அங்கே வந்துவிடுவேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன். உன் சோற்றைத் தின்றுவிட்டுச் சாட்சி சொன்னாள் என்று அந்த இரண்டு வக்கீலும் பேசுவார்கள். மன்றத்துக்கு எதிரில் ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். அத்தானை அனுப்பாதே. டிபன் கேரியரும் அனுப்பாதே, அனுப்புவாய் என்று தெரியும். வாசலில் என்னைப் பார்த்தால் பேசாதே, சிரிக்காதே. தீர்ப்புக்குப் பிறகு நீ என்னோடு பேசுவாயா என்பதை நான் இப்போது கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை.

கூப்பிட்டது யார் என்று அவர்கள் உன்னை மறுபடி கேட்பார்கள். கையை நீட்டி என்னைக் காட்டு.

தங்கை