நாலு நாளில் பதினோரு இடம்

சிப்ளூண்,
நவம்பர் 9, ஞாயிறு.

அன்புள்ள ஜான்ஹவிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே. இங்கே உன் அப்பா, நம் நானாவும் சுகம். சுகம் என்றால், போன மாதம் எப்படியோ அப்படியே. நடுக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் குரல் கேட்டாலே நானா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல எனக்கு வேறு வழி இல்லை.

டிசம்பர் பயணத்துக்கு நீ போட்டு அனுப்பிய திட்டம் கிடைத்தது. எதிர்வீட்டுக் காடேகர்தான் அச்செடுத்துக் கொண்டுவந்தார். குஹாகர், வேள்ணேஷ்வர், ஹெத்வி, தவ்சால் துறையில் காரோடு படகேறி ஜய்கட், பிறகு கண்பதிபுளே, ரத்னாகிரி, அப்படியே மால்வண் வரை. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதுவரை எழுதியிருக்கிறாய். நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நாலு நாள்ல பதினோரு இடமா? அவ ஊர் சுத்திப் பாக்க வராளா, தபால் வண்டி ஓட்ட வராளா?" என்றார்.

ஆனால் மறுநாள் காலை அவரே திரும்ப வாசிக்கச் சொன்னார். முழுவதும் கேட்டார். அப்புறம் சொன்னார்: "இருபத்தெட்டு வருஷம் அந்த ரோட்ல பஸ் ஓட்டியிருக்கேன் மந்தா. கடல் எந்தப் பக்கம்னு தெரியும். திரும்பிப் பாத்ததில்ல. பின்னாடி அம்பது உசுரு உக்காந்திருக்கும்." போகும்போது கடல் வலது கைப்பக்கம் வருமாம். அதனால் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட்டு அவருக்கு. பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிட வேண்டுமாம்.

ஆகவே பயணத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதுவதாக நினைக்காதே. அவர் போய்த்தான் ஆகவேண்டும்.

நீ திட்டத்தில் எழுதாதவை சில உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். வாய்விட்டுக் கேட்கமாட்டார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றுவார். அப்போது புரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், மூன்று வேளையும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கை நடுங்குவதை அந்நியர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். இரவில் இரண்டு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இவற்றை எல்லாம் நான் செய்வேன் என்று நினைத்துத்தான் நீ எழுதாமல் விட்டிருப்பாய். குறையாகச் சொல்லவில்லை. ஆறு வருடமாக, உன் அண்ணன் தவறிப்போன நாள் முதல், நான்தானே செய்கிறேன்.

சக்கர நாற்காலியைப் படகில் ஏற்ற முடியுமா என்று நேரில் பார்த்து வரச் சொல்லியிருந்தாய். வியாழக்கிழமை போனேன். நானாவைக் காடேகர் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் குஹாகர், அங்கிருந்து தவ்சால். நாற்காலியைத் தாராளமாக ஏற்றலாம், சரிவுப் பலகை அகலமாக இருக்கிறது. பார்த்ததும் திரும்பியிருக்கலாம். நான் படகில் ஏறி அக்கரைக்குப் போனேன்.

ஜய்கட்டில் துறைக்கு எதிரே ஒரு டீக்கடை. நடத்துகிற அம்மாள் பெயர் மைமுனா. கல்லிலிருந்து எடுத்த அரிசிமாவுக் காவனைச் சுடச்சுட என் முன்னால் வைத்தாள், தேங்காய்ச் சட்னியோடு. இன்னொருவர் சமைத்ததைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டு அந்தப் பெஞ்சிலேயே சாய்ந்தேன். கண் விழித்தபோது இரண்டரை மணி நேரம் போயிருந்தது. என் மேல் ஒரு துப்பட்டா போர்த்தியிருந்தது. "ரெண்டு படகு போயிடுச்சு. எழுப்பலாமான்னு பாத்தேன். எழுப்பற மூஞ்சியா அது?" என்றாள் மைமுனா.

அடுத்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எதிரே ரத்னாகிரி பஸ் நின்றிருந்தது. நான் அதில் ஏறினேன். ரத்னாகிரியில் எனக்கு ஒருவரும் இல்லை. அதனால்தான் ஏறினேன் போலிருக்கிறது. கண்டக்டர் கேட்டார், ரத்னாகிரி என்றேன், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் வழியே கடல் கூடவே வந்தது. நானாவின் நினைவு எனக்கு வரவில்லை, ஜான்ஹவி. பொய் சொல்லமாட்டேன். வீட்டு நினைவே வரவில்லை.

மால்குண்ட் நெருங்கும்போது போன் அடித்தது. நானாதான் பேசினார். காடேகர் போனைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். "இந்த ஆளு கஞ்சியில உப்பே போடல. உப்பு எங்கன்னு சொல்லு போதும். நீ அவசரமா வரவேண்டாம். வேலைய முடிச்சுட்டே வா" என்றார்.

இரண்டாவது தட்டு, நீல டப்பா என்றேன். போனை வைத்துவிட்டு எழுந்து மணியடிக்கச் சொல்லி மால்குண்டில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் பஸ் வர முக்கால் மணி ஆயிற்று. வீட்டுக்குள் வந்தபோது எட்டு. நானா எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவே இல்லை. பலகை அகலமா என்று மட்டும் கேட்டார்.

நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். மைமுனாவின் கடைக்கு மேலே ஓர் அறை சும்மா இருக்கிறது. அன்று திரும்பும் வழியில் கேட்டுவிட்டேன், தருகிறாள். உங்களோடு படகேறி ஜய்கட் வரை நானும் வருகிறேன். அங்கே என்னை இறக்கிவிட்டு நீங்கள் மேலே போங்கள். மூன்று நாள் நீயே உன் அப்பாவுக்கு ஊட்டு, நீயே புரட்டிப் படுக்கவை. எல்லாவற்றையும் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினோரு இடத்தில் நாலைந்தை அடித்துவிடு. மீதி இடங்களில் கார் கதவைத் திறந்துவைத்து அவர் பார்க்கிறமட்டும் பார்க்கட்டும். அவர் போதும் என்கிறவரை யாரும் கிளம்பச் சொல்லாதீர்கள். நான் ஏன் இறங்கிக்கொண்டேன் என்று கேட்டால், களைப்பு என்று சொல். புரிந்துகொள்வார்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கணபதி உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்றே ஒன்று. திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் வீடு சேரலாம் என்று மாப்பிள்ளை சொல்வார். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் அந்த வழி வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் ஜய்கட் வழியாகவே வா. நீயே இறங்கி மாடிக்கு வந்து என்னைக் கூப்பிடு. அண்ணிதானே, பஸ் பிடித்துத் தானாக வந்துவிடுவாள் என்று மட்டும் இருந்துவிடாதே.

உன் அண்ணி,
மந்தாகினி