ஆ மோய் கொளுத்திய ஊதுபத்தி

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு
1909 ஆவணி 6

ரங்கோனில் இருக்கும் என் மகள் ரத்தினம்மாவுக்கு அப்பா வேலாயுதம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மாடுகளும் சுகம், அங்கே மூவரும் சுகமாயிருக்க ஈஸ்வரன் துணை. பேத்தி தட்டைத் தொடவே மாட்டேனென்கிறாள், நோஞ்சானாகிவிடுவாளோ என்று நீ அழுது எழுதியதைக் கேட்டு உன் அம்மாவுக்கும் ரெண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. பொறு தாயே, அதற்குத்தான் ஒரு சங்கதி சொல்லப்போகிறேன், பன்றிச் சங்கதி என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளாதே.

இங்கே ஜாலான் புசார் பக்கத்துச் சதுப்போரம் பன்றி வளர்க்கிற ஆ மோய் என்ற சீன அம்மாளுக்கு நான் தினம் காலையில் தவிடு கொண்டுபோய்ப் போடுகிறேன். புருஷன் போனபின் மூன்று பிள்ளைகளுக்கும் கஞ்சி அந்தக் கொட்டிலிலிருந்துதான். தாய்ப்பன்றி கிழடாகிவிட்டது, அதன் ரெண்டு பெட்டைகளில் ஒன்றை அடுத்த தாயாக வைத்துக்கொண்டு மற்றதை விற்கவேண்டும், தப்பானதை வைத்துவிட்டால் பிறக்கிற குட்டிகளுக்கும் அதே குணம், அவள் பிழைப்பே போச்சு. நானாயிருந்தால் முட்டி மோதி முதலில் தின்கிற முரட்டுப் பெட்டையைத்தான் எடுத்திருப்பேன். அவளோ தொட்டியருகே ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு, அது எரிந்து முடிகிறவரை எது சண்டை போடாமல் சிந்தாமல் தலை தூக்காமல் தின்கிறது என்று பார்ப்பாள். அடேயப்பா, என்ன பொறுமை! எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மூன்று தலைமுறைப் பன்றிகள் எது எப்படித் தின்றது என்று கேட்டால் மடமடவென்று சொல்வாள்.

சாதுப் பெட்டைதான் அவள் மனசில் இருந்தது. திடீரென்று அது பாதிப் பத்தியிலேயே தொட்டியை விட்டு விலக ஆரம்பித்தது. பத்து நாள் பார்த்தாள், இதற்குத் தீனியில் நாட்டமில்லை என்று கசாப்புக்காரனை வரச்சொல்லிவிட்டாள். அவன் கயிறு கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது, பாவி நான்தானே காரணம்! விடிந்ததும் மாட்டுக்கு முதல் கைப்பிடி வைக்கிற நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியுமே, அந்தப் பழக்கத்தில், சாது இடிபடுகிறதே என்று இரக்கப்பட்டு, மூட்டையை இறக்குமுன் அதற்கு மட்டும் நாலு கை தவிடு கொஞ்ச நாளாய்த் தினமும் வைத்திருக்கிறேன். வெட்கத்தை விட்டு எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டேன். அவள் கயிற்றை அவிழ்த்தாள், மறுநாளிலிருந்து என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் புதுப்பத்தி கொளுத்தினாள். நாலாம் நாள் பத்தி சாம்பலாகி விழுந்தபிறகும் சாது தலை தூக்கவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது அம்மா. இப்போது அது பதினோரு குட்டிக்குத் தாய், ஒன்றையொன்று கடிக்காமல் அதுகள் தின்கிறதைப் பார்க்கவேண்டுமே!

ஆகையால் வைத்தியரிடம் ஓடுமுன் மாப்பிள்ளையின் சட்டைப்பையைத் தடவிப் பார், வெல்லமோ பொரிகடலையோ கட்டாயம் இருக்கும். பிடிபட்டால் திட்டாதே, ஆ மோய் என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டு வேளைக்கு முன்னால் நாலு நாள் அவரை வாசலில் நிறுத்து, போதும்.

மூவரும் தீர்க்காயுசாய் இருங்கள். பேத்தி தட்டைக் காலி செய்த அன்றைக்கே ஒரு வரி எழுதிப் போடு, உன் அம்மா சாப்பிடவேண்டும்.

உன் அப்பா,
சி. வேலாயுதம்